தன் பெயரைத் தானே கூப்பிட்டவர்

நீதிமன்றத்துக்குப் போய்த் தோற்றவர்கள் எத்தனையோ பேர். போகாமலே தோற்றவர்களும் உண்டு. ஆனால் நீதிமன்ற வாசலிலேயே நின்றுகொண்டு, தன் வழக்குக்குத் தானே தன்னைக் கூப்பிட்டு, வந்து சேராத தன்னைப் பற்றித் தானே உள்ளே போய் "ஆள் வரலைங்கம்மா" என்று சொல்லித் தோற்றவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் நம் டவாலி.

தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே போகும் சிவப்புப் பட்டைக்கும், அதில் குத்தியிருக்கும் பித்தளை வில்லைக்கும் பெயர் டவாலி. அதைப் போட்டுக்கொண்டு நீதிபதிக்கு முன்னால் நடப்பவருக்கும் அதே பெயர்தான். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை யாரும் எடுப்பதில்லை. வக்கீல்களுக்கு அவர் டவாலி, டீக்கடைக்காரருக்கு டவாலி, சம்பந்தி வீட்டாருக்கு "நம்ம டவாலி சம்பந்தி". வீட்டுக்குப் போனால் மனைவிக்கு "என்னங்க", மகளுக்கு "அப்பா". பாவம், அந்தப் பெயர் பெட்டியின் அடியில் போட்ட பட்டு வேட்டி மாதிரி எடுத்து உடுத்த ஆளில்லாமல் கிடந்தது.

அவருடைய குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வேலைக்கு ஆள் எடுத்த அன்று, அதிகாரி இவரை வாசலில் நிறுத்தி, ஏதாவது ஒரு பெயரைக் கூப்பிடச் சொன்னார். இவரும் கூப்பிட்டார். எதிர்ச்சாரியில் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், தன்னைத்தான் ஏதோ வழக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று நினைத்து, கைகட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். அதிகாரி மற்றவர்களைச் சோதிக்காமலே வீட்டுக்கு அனுப்பினார். அந்தக் குரலுக்கு வேலை நேரம், வீட்டு நேரம் என்ற பேதம் கிடையாது. வெளியூரில் இருக்கும் மகள், போனை மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படியிலிருந்தே அப்பாவோடு பேசுவாள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போய், "உடம்பு எப்படி இருக்கு?" என்று இவர் ரகசியமாகக் கேட்டால், பக்கத்து வார்டிலிருந்து "தேவலைங்க" என்று பதில் வரும்.

இப்படிப்பட்டவர் யார் வீட்டில் குடியிருக்கலாம், யார் வீட்டில் குடியிருக்கக் கூடாது என்று ஒரு நியாயம் இருக்கிறது. கடிகாரம் பழுது பார்ப்பவர் வீட்டில் இருக்கவே கூடாது. டவாலி அங்கேதான் இருந்தார். கீழே இவர் குடும்பம், மேலே வீட்டுக்காரரான கடிகாரக்காரர். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிச் செய்யும் வேலை அவருடையது. கீழே டவாலி, "வெந்நீர் ரெடியா?" என்பார். மேலே இடுக்கியில் பிடித்திருந்த கடுகளவுத் திருகாணி துள்ளி எங்கேயோ போய்விடும். அப்புறம் கடிகாரக்காரர் தரையில் குப்புறப் படுத்துக் காந்தத்தை வைத்துத் தேட வேண்டியதுதான்.

அவரும் பொறுத்துத்தான் பார்த்தார். ஒருநாள் மாடிப்படியில் நின்று கெஞ்சினார்.

"சார், கொஞ்சம் மெதுவா பேசக் கூடாதா?"

"நான் மெதுவாத்தானே சார் பேசுறேன்!"

அந்தப் பதிலில் இன்னொரு திருகாணி போயிற்று. அடுத்த வாரம் கடிகாரக்காரர் வழக்குப் போட்டுவிட்டார். தன் வேலைக்கு இடைஞ்சலாக இருப்பதால் கீழ் வீட்டுக்காரர் காலி செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. வக்கீல் வைக்கவில்லை. வக்கீல்கள் யாரும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை என்பது, பாக்கெட்டில் இரண்டு கடிகாரம் வைத்துக்கொண்டு திரியும் அவருடைய தீராத குறை.

சம்மன் வந்ததும் டவாலிக்குச் சிரிப்புத்தான் வந்தது. "என் கோர்ட்டுலயே என் மேல கேஸா? வரட்டும், வரட்டும்."

"ஒரு வக்கீல வைங்க," என்றாள் மனைவி. அவள் முன் அறையில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், தையல் மிஷின் போட்டிருந்தாள். தெருவில் பாதிப் பேரின் அளவு அவளுக்கு மனப்பாடம்.

"எனக்கு எதுக்கு வக்கீல்? தினம் அங்கதானே நிக்கிறேன். கேஸ் வந்தா ரெண்டு அடி எடுத்து வச்சா கூண்டு. ஊர்ல எல்லாரும் தொலைவுலேர்ந்து வரணும், நான் மட்டும் திரும்பி நின்னாப் போதும்."

ரெண்டு அடிதான். அந்த ரெண்டு அடியில்தான் மனிதர் கவிழ்ந்தார்.

கூப்பிடும் வேலைக்கு ஒரு முறை உண்டு. பெஞ்சு கிளார்க் பெயரைச் சொல்வார். டவாலி வாசலுக்குப் போய், நெஞ்சை நிமிர்த்தி, அந்தப் பெயரை மூன்று தரம் கூப்பிடுவார். இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார். ஆள் வந்தால் வழி விடுவார், வராவிட்டால் உள்ளே போய்ச் சொல்வார். இத்தனை வருஷத்தில் பெயர்கள் அவர் காதில் நுழைந்து வாய் வழியாக வெளியே போகப் பழகிவிட்டன. நடுவில் மண்டையைத் தொடுவதே இல்லை. தொட்டால் வேலை ஓடாது என்பார் அவர்.

அன்றைக்கு மனைவி சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். அதன்மேல் வழக்கம்போலப் பட்டையைப் போட்டுக்கொண்டு, தன் வழக்கு எப்போது வரும் என்று ஒரு காதைத் தீட்டி வைத்துக்கொண்டுதான் நின்றார். வழக்குகள் வரிசையாக வந்தன. கூப்பிட்டார், கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் பெஞ்சு கிளார்க் ஒரு பெயரைச் சொன்னார். டவாலி வாசலுக்குப் போய், தெரு முனைவரை கேட்கும்படி அதை மூன்று தரம் கூப்பிட்டார். அன்று குரல் தனி எடுப்பாக இருந்தது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். ஒருவரையும் காணோம்.

அது அவர் பெயர்தான்.

முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த கடிகாரக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார். டவாலி உள்ளே போய், "கூப்பிட்டாச்சுங்கம்மா, ஆள் வரலை" என்றார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. பெஞ்சு கிளார்க் பக்கம் குனிந்து, "குடியிருக்கிற வீட்டுக்கே கேஸ் வந்திருக்கு, வந்து நிக்க முடியலை பாருங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் வீடு ஒரு கேடா?" என்று முணுமுணுத்தார். அவர் முணுமுணுத்தது நீதிமன்றம் முழுக்கக் கேட்டது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த நீதிபதியம்மாவும் அது நியாயம்தான் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு எழுத ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்கும் பெஞ்சு கிளார்க்குக்கும் டவாலி என்றால் டவாலிதான், வேறு பெயர் தெரியாது. எதிர்த்தரப்பு மூன்று முறை அழைத்தும் ஆஜராகவில்லை, கடிகாரக்காரர் சொன்னது மட்டும் கேட்கப்பட்டது, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதுதான் உத்தரவு.

சாப்பாட்டு வேளையில், உத்தரவைத் தட்டச்சு செய்யும் பெண் அந்தத் தாளோடு தயங்கித் தயங்கி வந்தாள்.

"அண்ணே, இது நீங்க இருக்கிற தெருதானே?"

"ஆமா. ஏம்மா?"

"கதவு நம்பர்கூட உங்க நம்பர் மாதிரியே இருக்குண்ணே." அவள் எச்சிலை விழுங்கிக்கொண்டாள். "அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்க பேர் என்னண்ணே?"

அவர் பெயரைச் சொன்னார். சொன்ன வாய் மூடவில்லை. வாழ்நாளில் முதல்தடவையாக அவரிடமிருந்து சத்தமே வரவில்லை என்று அந்தப் பெண் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள்.

வீட்டில் விசாரணை இதைவிடக் கடுமையாக நடந்தது.

"கூப்பிட்டாங்களா இல்லையா?"

"கூப்பிட்டாங்க."

"யாரு?"

"நான்தான்."

"உங்க காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்புறம்?"

"யாராவது வர்றாங்களான்னு பார்த்தேன். வரலை."

மனைவிக்குப் பொத்துக்கொண்டு சிரிப்பு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பியவளின் கண்ணில் தையல் மிஷின் பட்டதும் சிரிப்பு நின்றுபோயிற்று. அந்த ஜன்னல், அந்த வெளிச்சம், துணியோடு வாசல்படி ஏறி வரும் தெருப் பெண்கள், எல்லாம் அந்த வீட்டோடு சேர்ந்தவை. "சரி, வேற வீடு பாருங்க," என்றாள். பார்த்தார்கள். எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், டவாலி "வீடு வாடகைக்கு இருக்குங்களா?" என்று கேட்டவுடனே வீட்டுக்காரர் பின்னால் நகர்ந்தார். "குரலுக்காகத் துரத்தின கேஸு உங்களோடதுதானே?" என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. இனி அந்த ஊரில் அவருக்குக் கிடைக்கக்கூடிய வீடு, இழந்துவிட்ட அந்த ஒரு வீடுதான்.

கடைசியில் பொடி வக்கீலிடம் போய் நின்றார்கள். ஆள் சின்ன உருவம் என்பதால் பொடி. நீதிமன்றத்தில் எழுந்து நின்றாலும், "எழுந்து பேசுங்க" என்று சொல்லி அவமானப்படுத்துவார்கள்.

"கவலைப்படாதீங்க. போட்ட உத்தரவைத் திரும்பப் பெறணும்னு அந்தக் கோர்ட்டையே கேக்கலாம். அதுக்குன்னு மனு இருக்கு," என்றார் பொடி வக்கீல். "வராததுக்கு ஒரு காரணம் மட்டும் காட்டணும். கடுமையான காய்ச்சல்னு போட்டுடவா? எல்லாரும் அதான் போடறாங்க."

"காய்ச்சல்னு எப்படிங்க? நான் அங்கதானே இருந்தேன். அம்மாவுக்குத் தண்ணி கொண்டுபோய் வச்சதே நான்தான்."

"அப்ப வந்திருந்தேன்னு சொல்லுங்க."

"வரலைன்னு நானே சொல்லிட்டேனே."

பொடி வக்கீல் பேனாவை மூடிவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வந்திருந்தேன்னு சத்தியம் பண்ணப் போறது யாரு? நீங்க. வரலைன்னு சாட்சி யாரு? நீங்க. ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான்னு ஆகுது. நான் எவன் பக்கம் நிக்கிறது?"

"நடந்ததை நடந்தபடி எழுதுங்க சார்," என்றாள் மனைவி. "மானம் போனாப் போகட்டும். வீடு மிஞ்சணும்."

நடந்தபடியே எழுதினார்கள். பொடி வக்கீல் எழுதும்போது இரண்டு முறை வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

மனு விசாரணைக்கு வந்த அன்று, கட்சிக்காரர் என்ற முறையில் டவாலி பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியிருந்தது. தோள் வெறிச்சென்று இருந்தது. வாசலில் தினமும் அவருக்கு வணக்கம் வைக்கும் காவலர், "யாருங்க? உள்ளே என்ன வேலை?" என்று கையை நீட்டித் தடுத்தார். பட்டை இல்லாமல் தன்னைத் தன் பெண்டாட்டிக்கு மட்டும்தான் அடையாளம் தெரிகிறது என்று டவாலிக்கு அப்போது பட்டது. மனசுக்கு என்னவோ போல் இருந்தது.

அவருக்குப் பதிலாகக் கூப்பிட, நகல் பிரிவு எழுத்தர் ஒருவரைப் போட்டிருந்தார்கள். அவருக்குக் கிசுகிசு என்று பட்டப்பெயர். அவர் சத்தம் போட்டுத் திட்டினாலும், எதிரே இருப்பவர் ஏதோ நல்ல செய்தி சொல்கிறார் என்று காதைக் கொடுப்பார்.

டவாலியின் பெயரைக் கிசுகிசு கூப்பிட்டபோது டவாலி பக்கத்திலேயே நின்றதால் தப்பித்தார். மனைவி வேறு விலாவில் ஓர் இடி இடித்தாள். அடுத்தது கடிகாரக்காரர் பெயர். அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டவர்தான். ஆனால் நீதிமன்றம் அவருடைய இரண்டு கடிகாரத்துக்கும் கட்டுப்படாமல் தாமதமாகிக்கொண்டே போக, தன் டீ வேளை வந்ததும் தெருவைத் தாண்டி டீக்கடைக்குப் போயிருந்தார். கிசுகிசு வாசலில் நின்று மூன்று தரம் உதட்டை அசைத்தார். வாசலில் படுத்திருந்த பூனைகூடக் காதை அசைக்கவில்லை.

"ஆள் வரலைங்கம்மா," என்றார்.

நீதிபதியம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க வரலை. அப்படின்னா மனுவை..."

பொடி வக்கீல் கால்விரலில் எக்கி நின்றார். மனைவி டவாலியின் கையைக் கெட்டியாகப் பிடித்தாள். இன்னும் ஒரே ஒரு வார்த்தை. அது விழுந்துவிட்டால் வீடு கையில். மிஷின் ஜன்னலடியிலேயே இருக்கும்.

டவாலிக்கு வேர்த்துக் கொட்டியது. சும்மா இருந்தால் போதும். வாழ்க்கையில் அவரை எல்லோரும் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். ஆனால் அவரால் அது முடியவில்லை. ஒரு கூப்பாட்டைத் தவறவிட்டதற்காக ஒரு மனுஷன் தோற்பது என்றால் என்ன என்று இந்த மாதம் முழுக்க அவர் தூங்காமல் பார்த்துவிட்டார். அதுவும் தன் வாசலிலேயே இன்னொருத்தருக்கு அப்படி நடப்பதா? அது என்ன வேலை?

மனைவியின் கையை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். "என்னங்க! ஐயோ, என்னங்க!" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டது அவருக்கும் கேட்டது. அவர் நெஞ்சை நிமிர்த்தினார். கடிகாரக்காரர் பெயரைக் கூப்பிட்டார். இரண்டாம் தரம் தேவைப்படவில்லை.

டீ கிளாஸும் கையுமாக, வழியெல்லாம் சிந்திக்கொண்டு, கடிகாரக்காரர் ஓடி வந்து நின்றார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"முதல்ல கூப்பிட்டப்போ எங்கே போனீங்க?" என்றார் நீதிபதியம்மா.

"முதல்ல கூப்பிட்டாங்களாம்மா? எனக்கு இது ஒண்ணுதான் கேட்டுது. இந்தக் குரல்தாம்மா, நான் மனுவுல எழுதினேனே, அது இதேதான்."

"அது இல்லேன்னா இன்னிக்கு நீங்க ஆஜராகாதவர். தெரியுமில்ல?"

கடிகாரக்காரர் டீ கிளாஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அம்மா விடவில்லை. "போன தடவை இவர் தன் பேரைத் தானே கூப்பிட்டப்போ நீங்க இங்கதானே இருந்தீங்க? ஏன் வாயைத் திறக்கலை?"

"ஒருத்தர் தன்னையே இல்லைன்னு சொல்றப்போ, நான் எப்படிம்மா இருக்கார்னு சொல்றது? ஏதோ கோர்ட்டு வழக்கம்னு இருந்துட்டேன்."

நீதிபதியம்மா சிரிப்பை அடக்க ஒரு தாளை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பிறகு டவாலி பக்கம் திரும்பினார். "உங்க பேரை நீங்களே கூப்பிட்டிருக்கீங்க. அது எப்படிங்க தெரியாமப் போகும்?"

டவாலி கையைக் கட்டிக்கொண்டார். அவருக்கு வந்த அளவுக்குக் குரலைத் தாழ்த்தினார். அது கடைசி பெஞ்சுவரை கேட்டது.

"அந்தப் பேரை யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சும்மா. வேற யாரோன்னு நினைச்சிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மனைவி முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். கடிகாரக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அம்மா, உத்தரவைத் திரும்ப வாங்கிக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. கேஸையும் நான் வாபஸ் வாங்கிக்கிறேன். என்னைக் கூப்பிடாம விட்டிருந்தா இவருக்குத்தான் லாபம். கூப்பிட்டுட்டாரே!" என்றவர், ஒரு விரலை உயர்த்தினார். "ஒரே ஒரு நிபந்தனை. வாயைத் திறக்கறதுக்கு முன்னால சுவத்துல ஒரு தட்டு தட்டணும். நான் இடுக்கியைக் கீழ வச்சுட்டு மேலேர்ந்து ஒரு தட்டு தட்டறேன். அப்புறம் அவர் என்ன வேணா பேசிக்கட்டும்."

நீதிபதியம்மா முந்தைய உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தட்டுகிற விஷயத்தையும் அதில் எழுத வைத்தார். அதைத் தட்டச்சு செய்த பெண், இந்த முறை பெயரை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தாள்.

அன்று சாயங்காலம் டவாலி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். முன் அறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. மனைவி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "என்னங்க" இல்லை, பெயர். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அவர் சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். மூன்றாவது தரம் கூப்பிட்டபோது குரலில் சிரிப்பும் கோபமும் கலந்திருந்தன.

கை சட்டையிலேயே நின்றது. இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். அங்கே அவரைத் தவிர யாருமில்லை.

வாயைத் திறந்தவர், ஞாபகம் வந்து மூடிக்கொண்டு, சுவரில் ஒரு தட்டு தட்டினார். காத்திருந்தார். மேலேயிருந்து ஒரு தட்டு கேட்டது.

"இருக்கேன்!" என்றார் டவாலி.